பொரிக்கு எந்த இனம் என்று எழுதுவது

கணபதி, கோயமுத்தூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மௌனிகா கண்ணுக்கு,

மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், இனி முடியாது என்றுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். முதலில் நலம். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் சர்க்கரை ஒரு மட்டில் நிற்கிறது, டப்ளின் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாசாணியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போன் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடுகிறாள், குடும்பக் குரூப்பில் எழுதினால் உன் சித்தப்பா சசிதர் முதல் ஆளாகப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். இது நீ மட்டும் படிக்க வேண்டியது.

விஷயம் நம் நாய் பொரியைப் பற்றி. வருகிற ஆவணியில் அதை உன்னிடம் அனுப்புவதற்கான விண்ணப்பத்தில், நாயின் இனம் என்கிற இடத்தில், உன் சித்தப்பா சிப்பிப்பாறை என்று எழுதி அனுப்பியிருக்கிறார். டாக்டர் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்திலோ கலப்பு என்று இருக்கிறது. இரண்டு தாளும் இரண்டு விதமாகச் சொன்னால் விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பிவிடுவார்கள் என்று நாயை விமானத்தில் அனுப்பும் உன் ஏஜெண்ட் மெயிலில் எழுதியிருந்தார், அதை நீ எல்லோருக்கும் அனுப்பினாய், கடைசி வரி வரைக்கும் படித்தது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்தவன் வீட்டில் இருக்கிறான், நீ நாயின் இனத்தைக் கேட்டது காங்கேயத்தில் மாடு வளர்ப்பவரிடம். அன்றைக்கு வீடியோ காலில் அம்மாவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், சித்தப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று நீ சிரித்ததும் கேட்டது. நீ வெளிநாடு போகும்போதும் அப்படித்தான், அப்பாவுக்கு நாய் ஆகாது என்று சொல்லி அதை அவர் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போனாய். சோபாவில் முடி ஒட்டுகிறது என்று ஒரே ஒருமுறை சொன்னேன் அம்மணி. சரவணம்பட்டியில் உன் ஆபீஸ் பக்கத்து பேக்கரிக்குப் பின்னாலிருந்து அதைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்த நாள் முதல் ஒரு வருடம், காலையில் அதற்குத் தயிர்ச்சோறு பிசைந்து வைத்தது யார் என்று உனக்குத் தெரியாது, நீ ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பாய்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு காங்கேயத்துக்கு பஸ் ஏறினேன். நாய்க்கு சொந்த ஊரு கண்டுபுடிச்சு அதுக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களாக்கும் என்றாள் உன் அம்மா. அங்கே போனால் உன் சித்தப்பா மாட்டுக் கட்டுத்தறியில் நின்றுகொண்டு, வாங்க சகலை, டேப்பெல்லாம் கொண்டாந்திருக்கீங்க, பொரிக்குச் சட்டை தெக்கறதுங்களா என்று ஆள்காரர் மாசாணத்தின் முன்னால் கேட்கிறார். பொரி ஓடிவந்தது, என் செருப்பை மோந்து பார்த்தது, வாலை இரண்டு ஆட்டு ஆட்டியது, அப்புறம் திரும்பிப் போய் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை.

எதை வைத்துச் சிப்பிப்பாறை என்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் அதன் முதுகைத் தடவி, தோலை இழுத்துவிட்டு, நெற்றியிலும் திமில் இருக்க வேண்டிய இடத்திலும் சுழி தேடிக் காட்டினார். அப்புறம், குட்டியில செவலை, இப்ப பாருங்க வெளுத்துப்போச்சு, நம்ம கன்னுக்குட்டி செவலையாப் பொறந்து வெளுத்து மயிலையாகுதில்லீங்க, அது மாதிரி, சுத்தமான ரத்தம்னாத்தான் நெறம் மாறும் என்றார். ஆமாங்க, மாறாட்டித்தான் சந்தேகமுங்க என்று மாசாணமும் ஒத்துப் பாடினார். அது காங்கேயம் மாட்டுக்கு என்றேன். ரத்தம் ரத்தந்தானுங்களே சகலை, அதுக்கு மாடென்ன நாயென்ன என்று சிரித்தார். மாட்டுக் கண்ணால் ஒரு நாயைப் பார்த்து, அந்தப் பார்வையை அரசாங்கத் தாளிலும் ஏற்றியாயிற்று. நான் அளந்தேன். சிப்பிப்பாறை என்றால் முகம் குறுகி நீண்டிருக்க வேண்டும், நெஞ்சு ஆழமாக இறங்கி வயிறு ஒட்டியிருக்க வேண்டும், வால் ஒல்லியாகக் கீழே இறங்க வேண்டும். பொரிக்கு ஒரு காது நிற்கிறது, ஒரு காது மடிகிறது, வால் முதுகின் மேல் வளையமாகச் சுருண்டிருக்கிறது, பாதம் அகலம். இதில் எங்கே சிப்பிப்பாறை.

அந்த வெற்றியோடு நின்றிருந்தால் என் மரியாதை மிஞ்சியிருக்கும். மறுவாரம் தடுப்பூசிக்கு நானும் அவருமாகப் பொரியைக் கூட்டிக்கொண்டு போனோம், டாக்டர் நஸ்ரியாவிடம் என் நோட்டைக் காட்டி, இது கோம்பைக் கலப்புதானே என்று கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், குட்டியில் செவலை உடம்பையும் கறுத்த மூஞ்சியையும் பார்த்து நான் அன்றைக்கே கோம்பை என்று சொன்னவன். அந்தம்மா நோட்டைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, சார், தெருவுல பொறக்கற குட்டி பாதிக்குமேல மூஞ்சி கறுப்பாத்தானுங்க இருக்கும், வளர வளர வெளுத்துரும், கலப்பு நாயைக் கண்ணுல பாத்து இன்ன இனம்னு சொன்னா நாங்களே தப்பா சொல்லிப்போடுவோமுங்க, அதனால கலப்புன்னுதான் எழுதுவேன் என்றார். உன் சித்தப்பா, அப்ப ரெண்டு பேருமே பெயிலுங்களா டாக்டர் என்று வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நான் தப்பு என்கிற வருத்தத்தைவிட அவரும் தப்பு என்கிற சந்தோஷம் எனக்குப் பெரிதாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. வெளியே வந்ததும் விண்ணப்பத்தைத் திருத்திவிடுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். எழுதினது எழுதினபடி கெடக்கட்டுமுங்க, அங்க யாரு வாலைப் புடிச்சுப் பாக்கப்போறாங்க என்று வண்டியில் ஏறிவிட்டார். நீயும் அவர் பேச்சைத்தான் கேட்பாய் என்று நானும் விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்பது பொய் கண்ணு. ஏஜெண்டின் மெயிலை அதற்கு முன்பே படித்திருந்தேன், என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடக்கட்டும் என்று இருந்தேன். நாய் திரும்பி வரட்டும், அவர் தலைகுனிந்து நிற்கட்டும், அப்பாவைக் கேட்டிருக்கலாம் என்று நீ ஒருதரமாவது சொல்வாய், அதற்குப் பிறகு பொரி காங்கேயம் போகாது, நம் வீட்டுக்குத்தான் வரும் என்று மூன்று வாரம் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தேன். நேற்று அம்மா நீ அனுப்பிய படத்தைக் காட்டினாள், ஜன்னல் ஓரம் அதற்கு மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறாய், பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம்கூட வைத்துவிட்டாய். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆகவே இது கிடைத்தவுடன் ஏஜெண்டுக்கு எழுதி, இனம் என்கிற இடத்தில் கலப்பு என்று மாற்று. நிறம் வெளிர் செவலை, உயரம் தோளில் ஐம்பத்தோரு சென்டிமீட்டர், இடது காது மடிந்தது, வால் சுருண்டது, நானே அளந்தது, இதில் தப்பில்லை. சித்தப்பாவிடம் டாக்டர் சொன்னதாகச் சொல், நான் சொன்னதாகத் தெரிந்தால் வாத்தியாருக்கு வயித்தெரிச்சல் என்பார். வயித்தெரிச்சல்தான், ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டாம். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே, பொரிக்குக் காலையில் தயிர்ச்சோறு என்றால் உப்பு போடாமல் பிசைய வேண்டும். நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்க எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு.

இதற்குக் கீழே அன்புள்ள அப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரம் தெரிந்தே சும்மா இருந்தவனுக்கு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். கையெழுத்து இல்லாமலே நாளைக் காலையில் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.