இரண்டு மணிச் சங்கு

எர்ணாவூர்,
18.8.2001

அன்பு மகள் மகிழினிக்கு அம்மா நீலா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், வழக்கத்துக்காக எழுதுகிற வார்த்தை இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே. நீயும் மாப்பிள்ளை பாஸ்கலும் அந்த மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு வாரமாக மழை, துணி காயவில்லை, வாளை மீன் கிட்டே போக முடியாத விலை. கீழ்வீட்டு கெங்கம்மா புது மிக்சி வாங்கியிருக்கிறாள், தெருவுக்கே கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சட்னி அரைக்கிறாள்.

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை, போனை வாங்கி அம்மாடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உன்னிடம் கொடுத்துவிடுகிறார், நான் பாஸ்கலைக் கட்டிக்கொண்டதை இன்னும் மனசில் வைத்திருக்கிறார், இனிமேல் போன் பண்ணி அவரைக் கஷ்டப்படுத்த மாட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அழுதேன். அவருக்கு வீம்பு என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்தேன், வாயில் வந்தபடி திட்டியும் இருக்கிறேன். விஷயம் அது இல்லையடி. பொறுமையாகப் படி.

நீ மஸ்கட்டுக்குப் போன அடுத்த மாசம் அப்பா கம்பெனியில் அமோனியா கசிந்ததும், அப்பா கூட வேலை பார்க்கிற தங்கப்பாண்டியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்ததும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது என்பார், பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் நின்றுவிடுவார். எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் எடுத்தும் ஒரு குறையும் தெரியவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டரே தண்டையார்பேட்டையில் சுகிர்தம் என்கிற அம்மாவிடம் அனுப்பினார். மனசில் தங்கிப்போன பயத்துக்கு உடம்பு வழியாக வைத்தியம் பார்க்கிறவர்களாம். அப்பா கிளம்பவே மாட்டேன் என்றார். நான் இன்னா பைத்தியமா, அங்கெல்லாம் என்னை ஏன் இட்டுகினு போறே என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் சண்டை. அந்த அம்மா மாத்திரையும் தரவில்லை, ஊசியும் போடவில்லை. செருப்பைக் கழற்றி நிற்கச் சொன்னார், பாதம் தரையில் படுவது தெரிகிறதா என்று கேட்டார், சுவரை இரண்டு கையாலும் தள்ளச் சொன்னார். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று நானே நினைத்தேன். இரண்டாவது தடவை சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு முழங்கால் நடுங்கத் தொடங்கியது. குளிர்காய்ச்சல் என்று பயந்து நான் புடவைத் தலைப்பை எடுத்துப் போர்த்தப் போனேன். நடுங்கட்டும் விடுங்க, அன்னிக்கே நடுங்கியிருக்கணும், ஓடினதுல நேரமில்லாமப் போச்சு என்றார் அந்த அம்மா.

போன சனிக்கிழமைதான் எல்லாம் விளங்கியது. அங்கே அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பக்கத்தில் எந்தக் கம்பெனியிலோ இரண்டு மணிச் சங்கு ஊதியது, பேச்சு நின்றது, தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிக்கொண்டது. இப்ப மூச்சு எங்கே இருக்கு கோதண்டம் என்று சுகிர்தம் அம்மா மெல்லக் கேட்டார். அப்பா பஸ்ஸில் பர்ஸைத் தேடுகிறவர் மாதிரி சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, இல்லியே என்றார். கம்பெனியில் வருஷக்கணக்காக அப்படித்தானே பழக்கியிருக்கிறார்கள், சங்கு ஊதினால் மூச்சைப் பிடி, ஈரத்துண்டை முகத்தில் கட்டு, காற்றுத் திசை காட்டுகிற கொடி பறக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடு என்று. அன்றைக்குப் பிடித்த மூச்சை அவர் உடம்பு இன்னும் விடவில்லை. ஷிப்டு மாறுகிற சங்கு எது, ஆபத்துச் சங்கு எது என்று காதுக்குத் தெரிகிறது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. நம் பேட்டையிலோ நாள் முழுக்கச் சங்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நீ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கெங்கம்மா வீட்டுக்குப் போன் போடுவது சரியாக இரண்டு மணிக்கு. அம்மாடி என்கிறார், சங்கு ஊதுகிறது, மூச்சு நின்றுபோகிறது, போன் என் கைக்கு வருகிறது. நீ அங்கே அழுகிறாய். உன் கடிதத்தில் இருந்ததை அவரிடம் அப்போதுதான் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எம்பொண்ணு மேல எனுக்கு இன்னா கோவம், வார்த்தை தொண்டையாண்ட வந்து நின்னுடுதுடி, நான் இன்னா பண்றது என்றார். மாப்பிள்ளை அனுப்பிய சட்டையைத்தான் அன்றைக்குப் போட்டிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வாரம் முழுக்கச் சங்குச் சத்தம் கேட்டால் போதும், பாதத்தைத் தரையில் அழுத்தி, வயிற்றில் கை வைத்து, ம்ம் என்று முனகிக்கொண்டே மூச்சை மெதுவாக வெளியே விடுகிறார். தனியாகச் செய்ய வெட்கம் என்று என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார், இரண்டு பேரும் முனகுவதைக் கேட்டு கெங்கம்மா மிக்சியை நிறுத்திவிட்டாள். நேற்று வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு அவள் வீட்டில் போன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். சங்கு ஊதியது, கடைசி வரைக்கும் மூச்சு விட்டார், தோள் ஏறவில்லை. போன்தான் வரவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை அங்கேயே இருந்தார்.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. மூன்று மணிக்குப் பண்ணச் சொல்கிறேன், சங்குத் தொந்தரவு இருக்காது என்றேன். வேணாம், அந்த நேரத்துக்கே பண்ணச் சொல்லு என்றுவிட்டார். எடுத்தவுடன் பேச்சு வராவிட்டால் கோபம் என்று நினைத்துக்கொண்டு வைத்துவிடாதே. சங்கு கேட்கும், மூச்சு விடுகிற சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்திரு. அதற்குப் பிறகு உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ராத்திரியில் வெறும் ரொட்டியோடு படுக்காதே. பாஸ்கலும் நீயும் ஒருவருக்கொருவர் துணையாக, குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க,
உன் அம்மா
கோ. நீலா