வெள்ளிக்கிழமையே மாட்டிய பெயர்ப்பலகை

ஜூன் 16, திங்கள்

இன்று எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு இன்டர்வியூ. இடம் ஒன்றுதான், வந்தவர்கள் முப்பது பேர். அந்த இடத்துக்கு எடுத்தாகிவிட்ட ஆளின் பெயர்ப்பலகையை வெள்ளிக்கிழமையே கதவில் திருகி மாட்டியவன் நான். அட்டெண்டருக்கு வாய் எதற்கு?

ஆனாலும் டீ கொடுக்கும்போது வழக்கம்போல் எல்லோரையும் கலாய்த்தேன். நெமிலிச்சேரியிலிருந்து வந்திருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, எனக்குக் கெடைக்குமா?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? உள்ள பேசிக்கினாங்க, ஒனக்குத்தான். சேர்கூட தொடச்சி வெச்சிட்டேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆவடியில் ஒரு காலேஜில் லேப் உதவியாளர் வேலை கொடுத்திருக்கிறார்களாம். மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். என் கண் முன்னாலேயே போன் போட்டு, "வேற ஆளப் பாத்துக்கங்க சார்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் காலேஜ் மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தார். டீ ஆறுகிறது என்று நகர்ந்துவிட்டேன்.

சாயங்காலம் கேட்டருகே என்னைத் தேடி வந்தாள்.

"ரெண்டு நாள்ல லெட்டர் வருமாம்ணா. ஒங்களுக்குத்தான் மொத ஸ்வீட்."

"மைசூர்பாக்கா வாங்கியாம்மா" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.