ஒற்றை விரல்

மார்ச் 4, காலை

வாயாடியின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். வெளி பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நலமாக இருப்பார் என்று தெரியும். இந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனுக்கு அனுமதியில்லை, ஒருவருக்கு மேல் இடமுமில்லை. அதனால் துப்புரவு அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனித்தனியாக இருந்து, முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு வருஷம் ஓட்டியவர்களுக்கு இது வசதிதான்.

வயிற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊருக்கே சேர்த்துப் பேசும் நம் எட்டு வயசுக்காரி, தொண்டையில் மூச்சுக்குழாயோடு சத்தமில்லாமல் கிடக்கிறாள். வலது கையில் டிரிப்ஸ். நர்ஸ் இடது கையைப் பிடித்து, "எவ்வளவு வலிக்குது, விரல்ல காட்டு கண்ணு" என்கிறார். இவள் ஒரே ஒரு விரலைக் காட்டுகிறாள். ஒன்று என்று எழுதிக்கொள்கிறார்கள். "வலி கம்மிதாம்மா. மருந்தைச் சும்மா கூட்டினா மூச்சு மந்தமாகும், குழாயை எடுக்க லேட்டாகும்" என்கிறார் டாக்டர். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஆனால் இவளைப் பெற்றவள் நான். புருவம் இரண்டும் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. கால் விரல்கள் விரிப்பைக் கிள்ளுகின்றன. கொஞ்சம் திருப்பிப் படுக்க வைத்தால் மானிட்டரில் துடிப்பு எகிறுகிறது. நாளைக் காலை காயத்துக்குக் கட்டு மாற்றப் போகிறார்களாம். இந்த அளவு மருந்தோடு அதைச் செய்ய நான் விடப்போவதில்லை.

வாயாடியின் அம்மா

சாப்பிடுங்கள். நீங்கள் பட்டினி கிடந்து யாருக்கும் லாபமில்லை.


மார்ச் 4, மதியம்

வாயாடியின் அம்மாவுக்கு,

சாப்பிட்டேன், பாதி. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அந்த ஒற்றை விரலுக்கு அர்த்தம் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வருவாளே, அப்போது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. அந்த வாரம் அவளைப் பாடாய்ப் படுத்திய எல்லாவற்றுக்கும் ரேங்க் போடுவாள். கணக்கு டீச்சருக்கு மூன்று. ஆடுகிற பல்லுக்கு இரண்டு. ஒன்று என்றால் அதற்கு மேல் கொடுமை கிடையாது. வாய் திறக்காமல் விரலைத்தான் காட்டுவாள், நான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் 'கொஞ்சம்' என்று சொல்லவில்லை. 'இதுதான் முதல்' என்று சொல்கிறாள். இந்தக் காகிதத்தையே டாக்டரிடம் காட்டு. நம்பாவிட்டால் வாசலில் நின்று கத்துகிறேன், வாட்ச்மேன் என்ன செய்கிறார் பார்ப்போம்.

அவளுடைய அப்பா


மார்ச் 4, மாலை

வாயாடியின் அப்பாவுக்கு,

கத்தத் தேவையில்லை. டாக்டர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க கேள்விதாம்மா தப்பு. எது பெருசு எது சின்னதுன்னு அவகிட்ட நாங்க சொல்லவே இல்ல" என்றார். பேச முடியாத குழந்தைகளுக்கு முகம், கால், துடிப்பு எல்லாம் பார்த்து வலியைக் கணிக்கும் முறை அவர்களிடம் உண்டு. விரல் காட்டுகிற பிள்ளையாயிற்றே என்று இவளை அதில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். இனி இரண்டையும் பார்ப்பார்கள்.

நர்ஸ் குனிந்து, "மூடின கைன்னா வலியே இல்ல. அஞ்சு விரலும்னா தாங்கவே முடியல. இப்பக் காட்டுடா" என்றார். கை முழுவதையும் விரித்தாள். விரித்ததை மடக்கவே இல்லை.

மூச்சைக் கவனித்துக்கொண்டே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். மூன்று விரலுக்கு வந்தாள், பிறகு இரண்டு. நாளைக் கட்டு மாற்றும் முன்பே மருந்து கொடுத்து, அது வேலை செய்யும் வரை காத்திருப்பதாக வாக்கு வாங்கியிருக்கிறேன். மறந்தால் கட்டிலை மறித்து நிற்பேன்.

ஒன்று கேட்கிறேன். ஞாயிறுகளில் முதல் ரேங்க் எதற்குப் போகும்? இந்த விளையாட்டைப் பற்றி என்னிடம் அவள் வாயே திறக்கவில்லை.

வாயாடியின் அம்மா


மார்ச் 5, காலை

வாயாடியின் அம்மாவுக்கு,

கேட்டுவிட்டாய், மறைக்கப் போவதில்லை. நீயும் நானும் பேசாமல் இருப்பதற்குத்தான். வாராவாரம். சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்த வாரம்கூட முட்டிக்கு இரண்டாவது இடம்தான். நீ அழுவாய் என்று உன்னிடம் சொல்ல வேண்டாமென்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

கட்டு மாற்றி முடிந்ததும் இரண்டு வரி எழுது.

அவளுடைய அப்பா


மார்ச் 5, மதியம்

வாயாடியின் அப்பாவுக்கு,

முடிந்தது. மருந்து கொடுத்து, காத்திருந்து, புருவத்தைப் பார்த்த பிறகுதான் காயத்தில் கை வைத்தார்கள். நடுவில் மூன்று விரல் காட்டினாள். நர்ஸ் அந்த நிமிஷமே நிறுத்தி, மருந்து கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் தொடர்ந்தார். சமத்தாகப் பொறுத்துக்கொள் என்று ஒருவரையும் அவளிடம் சொல்ல விடவில்லை. இப்போது கையை மூடிக்கொண்டு தூங்குகிறாள்.

நீங்கள் எழுதியதைப் படித்து அழவில்லை என்றால் பொய். கோபமும் வந்தது, உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி. நமக்குள் இருப்பது ஒரு நாளில் தீர்கிற விஷயமில்லை. ஆனால் அவளுடைய முதல் ரேங்குக்கு இந்த டாக்டரிடம் மருந்து கிடையாது. அது நம் வேலை.

மாலை நான் வெளியே வருகிறேன், நீங்கள் உள்ளே போய் அவளோடு இருங்கள். போகும் முன் வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். இதற்குப் பதில் எழுதாதீர்கள். எதுவானாலும் வாயால் சொல்லுங்கள்.