புகைப் பெட்டியைப் புகையிலிருந்து காத்தவனுக்கு

மாப்ளே,

இன்று காலை சமுதாயக் கூடத்தில் என் மானம் போனது. கைப்பிடியின் வலுவைப் பார்க்கும் அந்தக் கருவியை என்னிடம் கொடுத்து, "முழு பலத்தோட இறுக்குங்கப்பா" என்றாள் கோமதி. நானும் பல்லைக் கடித்து, வயிற்றை எக்கி, இறுக்கினேன். முள் கொஞ்சம் நகர்ந்தது. வேட்டி நிறைய நகர்ந்தது. அவளோடு வந்திருந்த மாணவிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். பெற்ற மகள் மட்டும், "கைய விட்டுராதீங்கப்பா, ரீடிங் போயிரும்" என்றாள்.

அந்தக் கைப்பிடியில் இன்னும் லேசாகத் தேங்காய் எண்ணெய் வாசம் இருப்பது போலத் தோன்றியது. இருக்க முடியாது, எத்தனையோ பேர் பிடித்து, எத்தனையோ தடவை துடைத்தாயிற்று. ஆனாலும் நீ பிடித்த கருவி அல்லவா.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் உன் நேந்திரங்காய் சிப்ஸ் கடையும், குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டும் டவுசரும் விற்கிற என் கடையும் ஒட்டிப் பிறந்தவை. நீ விறகடுப்பில் வாணலி வைத்தால் பாதிப் புகை உனக்கு, மீதி எனக்கு. "துண்டுல சிப்ஸ் வாசம் வருது" என்று திருப்பிக் கொண்டுவந்த ஒருவனை, "அதுக்குத் தனி ரேட்டு கேக்காம விட்டாம்லா, சந்தோசப்படும்" என்று நீதான் அனுப்பிவைத்தாய்.

என் மகள் புள்ளியியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்றதும் உனக்குச் சிரிப்பு. பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் வாங்காத மார்க்கையெல்லாம் சேர்த்து வைத்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாய். அவள் நம் இரண்டு கடைக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வயதானவர்கள் மூச்சில் இழுக்கிற காற்றுக்கும் அவர்கள் உடம்பு தளர்வதற்கும் என்ன தொடர்பு என்று பார்க்கப் போவதாக விளக்கினாள். நீ கரண்டியை நிறுத்தாமல் கேட்டாய்: "இதுக்கு எதுக்குட்டி படிப்பு? காத்து இல்லன்னா எவனும் தளர்ந்துதான் போவான்."

ஊரில் செய்தி வேறு மாதிரி பரவியது. தளர்ச்சி என்று எழுதிவிட்டால் உதவித்தொகை வரும் என்று எவனோ கிளப்பிவிட்டான். மூட்டை தூக்குகிற அண்ணாச்சிகள் எல்லாம் கம்பு ஊன்றி வந்தார்கள். ஒருவர் பரிசோதனை முடிந்த சந்தோஷத்தில் கம்பை மறந்துவிட்டு ஓடிப்போய்ப் பஸ் ஏறினார். கோமதி அந்தக் கம்பை மூலையில் சாத்திவைத்துவிட்டு, அவர் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

நீ நேர் எதிர். உனக்கு வலு இருக்கிறது என்று எழுதியாக வேண்டும். பெங்களூரிலிருந்து உன் மகன் கடையை மூடிவிட்டு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தான். நீ தளர்ந்துபோனாய் என்று ஒரு சொல் அவன் காதில் விழுந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்பது உன் பயம்.

"உசரத்துல எங்கயோ ஒரு மாடி மாப்ளே அது. சன்னலத் தொறந்தா எதுத்த வீட்டுக்காரன் சன்னலு. அவனும் தொறக்க மாட்டான். நான் அங்கன யாருகூடலே சண்டை போடுவேன்?"

அதனால் பரீட்சைக்குப் படிப்பது போலத் தயாரானாய். பிடிக்கு வலு ஏற்ற, துண்டை நனைத்து நனைத்துப் பிழிந்தாய். என் கடையின் புதுத் துண்டு, மாப்ளே. விற்க முடியாமல் போன அதில்தான் இன்றும் தலை துவட்டுகிறேன். கருவியை நீ இறுக்கியதும் மாணவிகள் முள்ளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். கோட்டிலிருந்து கோட்டுக்கு நடக்கிற நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கும் சோதனையில் கோமதி "வழக்கமா நடக்குற மாதிரி நடங்க மாமா" என்றாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி போய் எதிர்ச்சுவரில் கையூன்றி நின்றாய். அந்தப் பக்கம் முடிந்து திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாய். கருவி காட்டிய பிடியில்லை அது.

அடுத்துதான் அந்தப் புகைப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சட்டையில் மாட்டிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க வழக்கமான வேலையைப் பார்க்க வேண்டும். நாம் சுவாசிக்கிற காற்றில் எவ்வளவு புகை என்று அதுவே எழுதிக்கொள்ளும். சில நாள் கழித்துக் கோமதி கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். திரையில் ஆளுக்கு ஒரு புள்ளி. வலப்பக்கம் போகப் போகப் புகை அதிகம், மேலே போகப் போக வலு அதிகம். எல்லாப் புள்ளியும் கூட்டமாய்ச் சரிந்து நிற்க, ஒன்று மட்டும் இடப்பக்க உச்சியில், யாரோடும் சேராமல் நின்றது.

"அது யாருட்டி, நானா?" என்றாய். உனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாலே, தனியா நிக்கேன்!"

"விறகடுப்புல சிப்ஸ் போடுதவருக்கு ஊருலயே சுத்தமான காத்துன்னு வருது மாமா. நீங்க அன்னைக்கு மூச்சே விடலயா? பெட்டிய எங்க வச்சிருந்தீங்க?"

"பத்திரமாத்தான் வச்சிருந்தேன். வெல கூடுன சாமான். அடுப்புப் புகை பட்டுக் கெட்டுப்போச்சுன்னா நீ யாருக்குட்டி பதில் சொல்லுவ? பாலித்தீன் பையில கட்டி, உங்கப்பன் கடை மேல்தட்டுல, துண்டுக்குள்ள சொருகி வச்சேன்."

கோமதி தலையில் கை வைத்தாள். நான் சிரித்த சிரிப்பில் அருவிக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உனக்குக் கோபம். "சிரிக்காதலே. வடகரையில ஒரு ஆச்சி அத சாமி படத்துல மாட்டி சாம்பிராணி காட்டிருக்கா. நான் அவளுக்குத் தேவல."

அவள் மறுபடியும் எல்லாம் அளக்க வேண்டும் என்றபோதுதான் உன் முகம் மாறியது. அடுப்பிலிருந்து ஒரு கட்டையை இழுத்துத் தணித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாய்: "அப்பம் நான் வீக்குன்னு வரும். அத என் மவனுக்கு அனுப்புவ. அதான?"

"யாருக்கும் அனுப்ப மாட்டேன் மாமா. இது பரீட்சை இல்ல. நிறைய பேரைச் சேத்துப் பாத்தாத்தான் புகை என்ன செய்யுதுன்னு தெரியும். ஒத்த ஆளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொருத்தரும் பொய் சொன்னா கூட்டமும் பொய் சொல்லிரும்."

உனக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. சாரல் சீசன் தொடங்கும் முன்னாலேயே எந்த அளவு டவுசர் அதிகம் போகும் என்று நான் சொல்லிவிடுவேன்; கடைக்கு முன்னால் நிற்கிறவன் எந்த அளவு கேட்பான் என்று சொல்லச் சொன்னால் முழிப்பேன். இதைச் சொன்னதும் கோமதி, "அதேதாம்ப்பா" என்றாள். வாழ்க்கையில் கணக்கு விஷயத்தில் என்னை ஒருத்தர் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

மறுபடி அளந்த நாளில் நீ சட்டைப் பையில் பெட்டியோடு அடுப்படியில் நின்றாய். சாயங்காலம் கூடத்துக்கு வந்து, கோட்டிலிருந்து கோட்டுக்கு, உன் நிஜ நடையில் நடந்தாய். சுவரைத் தொடவில்லை, யாரையும் பிடிக்கவில்லை, பார்க்கிறவர்களைப் பார்க்கவும் இல்லை. போய்ச் சேர நேரமாயிற்று.

அடுத்தது என் முறை. நான் நடந்தேன். உன்னைவிட மெதுவாக.

"ஏலே!" என்று கத்தினாய். "எனக்காவ நடிக்கானே இவன்! பாருட்டி உங்கப்பன!" கோமதிக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு சொன்ன பிறகுமாப்பா? இதை நான் எழுத மாட்டேன். இன்னொரு நாள் ஒழுங்கா நடங்க" என்று கடிகாரத்தில் பதிந்த நேரத்தை அழித்துவிட்டாள். நீயோ என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போய், உன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தாய். அதற்கப்புறம் நான் தோற்றுக்கொடுத்த கதையை வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னாய். சிப்ஸ் வாங்க வந்த கேரளாக்காரரிடம்கூட மலையாளத்தில் சொன்னாய்.

கோமதி சொல்லி நீ புகைபோக்கி வைத்தாய். அடுத்த சீசனும் உன் கடையில் நீதான் நின்றாய், எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டு. ஐப்பசி மழையில் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. குற்றாலத்தில், உன் சொந்தக் கட்டிலில். உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடவே வச்சுப் பாத்திருக்கணும் மாமா" என்று அழுதான். "இங்கன நல்லா இருந்தாருய்யா" என்றேன். பொய்யில்லை.

உன் புள்ளியை எடுத்துவிடுவாளோ என்ற பயத்தில் கோமதியிடம் கேட்டேன். "போனவங்களக் கழிக்க மாட்டோம்ப்பா. எந்த நாள் வரைக்கும் இருந்தாங்களோ, அந்த நாள் வரைக்கும் அவங்க கணக்குல உண்டு" என்றாள். என் படிப்புக்கு எட்டிய புள்ளியியல் இவ்வளவுதான். இது போதும் என்று வைத்திருக்கிறேன். இப்போது உன் கூட்டத்துப் புள்ளிகளில் ஒன்றாகத்தான் நிற்கிறாய். தனியாக இல்லை.

இன்று பிடி பார்த்து முடித்ததும், இத்தனை நாள் கடையைச் சாக்குச் சொல்லி நான் தள்ளிப்போட்ட நடை. வழக்கமாக நடப்பது போல நடந்தேன். கோட்டைத் தொட்டதும் கோமதி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு மாமாவுக்காக மெதுவா நடந்தீங்க. இன்னைக்கு யாருக்காகப்பா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் கையில் பேனா எழுதாமல் நின்றது.

நானும் சிரித்தேன். "பாத்தத எழுதும்மா" என்றேன். எழுதினாள்.

உன்னிடம் அன்று சொல்லவில்லை. அவளிடம் இன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் என் வேகம் அதுதான், மாப்ளே.