ஏழாவது துணி

மாசி 3, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும் (நேற்றும் இதையே எழுதியிருக்கிறேன்).

பெரிய டீச்சர் கூப்பிட்டார். இனி பெ.டீ. முழுசாக எழுதினால் கை வலிக்கிறது. ஆண்டு விழாவுக்குப் புது மாதிரி டான்ஸ் ஒன்று வேண்டுமாம். ராதை கிருஷ்ணன் வேண்டாம், கும்மி வேண்டாம், கோலாட்டம் வேண்டாம். மதராஸில் பார்த்தாராம், கதையே இல்லாமல். "துணிதான் ஆடிற்று சரசுவதி. ஆள் அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தாள்" என்றார். டான்ஸ் வாத்தியாரைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் விட்டால் ஒரு அம்மாவும் பெண்ணை அனுப்பமாட்டாள். ஆகவே துணியும் நானே, ஆட்டமும் நானே.

நான் தையல் டீச்சர். வீட்டுக்காரர் இருந்தபோது அவர் தையல் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக் கற்றது. அவர் போய்ப் பதினோரு வருஷம். பாவாடை வெட்டுவேன், ஜாக்கெட் வெட்டுவேன், நாடகக் கம்பெனிக்கு ராஜா அங்கி வெட்டியிருக்கிறேன். ஆடினதில்லை.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன்?

வெளியில் டான்ஸ் என்று சொல்லக்கூடாது. 'துணி டிரில்' என்று சொல்ல வேண்டும். பெ.டீ. உத்தரவு.

மாசி 5, புதன்

துணி இல்லை. கண்ட்ரோல், அளந்துதான் கொடுக்கிறார்கள். டிப்போவில் காக்கியும் ஒரு கோடு போட்ட முரட்டுத் துணியும். கோட்டில் நூல் சாயம் விடுகிறது, தொட்டாலே தெரிகிறது.

எங்கள் அம்மாபேட்டையில் தறிக்காரர் முத்துசாமியிடம் கேட்டேன், வீட்டுக்காரர் கடை இருந்த காலத்திலிருந்து பழக்கம். நூல் கிடைக்காமல் நாலு தறியில் இரண்டு சும்மா நிற்கிறது. மெல்லிசு வெள்ளைத் துணி கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார். ஊதினால் பறக்கிறது. இதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது.

"சாயம் வேண்டாமுங்களா?" என்றார்.

"வேண்டாங்க. வெளிச்சம் பட்டா அசைவு நல்லாத் தெரியும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெல்லிசாக இருக்கிறதே என்று பார்த்தார் போலிருக்கிறது.

தெருவில் பாவு போட்டிருந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் நாலு பேர் பிரஷ் போட்டுக்கொண்டே போகிறார்கள், வருகிறார்கள். ஒரே மாதிரி கால். ஒரே நேரத்தில் குனிகிறார்கள். தினம் பார்க்கிறதுதான். இன்று நின்றுவிட்டேன். பின்னால் மாட்டு வண்டிக்காரன் கத்தின பிறகுதான் நகர்ந்தேன்.

இதுதானோ?

மாசி 8, சனி

ஆறு பெண்கள். மூத்தவள் ராசிபுரத்துப் பழனியம்மாள், சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். நல்ல உயரம், கால் தரையைத் தொடுவதே தெரியாது.

முட்டாள்தனம் எண் ஒன்று. நிற்க வைத்து அளவு எடுத்து ஆறு பாவாடை தைத்தேன். குனிந்து உட்காரச் சொன்னேன். டர்ர். மூன்று பாவாடை ஒரே நேரத்தில். பெண்கள் சிரித்துத் தரையில் விழுந்தார்கள். இருபது வருஷம் கத்தரி பிடித்த கை. ஆடுகிற உடம்புக்கு எப்படி அளவு எடுப்பது? எங்கே டேப் வைப்பது?

தாளம்: நானே பெஞ்சில் ரூலால் தட்டுகிறேன், தறிச் சத்தம் மாதிரி. பாட்டு டீச்சர் ஆர்மோனியத்துடன் வந்தார், எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று கேட்டார், எனக்கே தெரியவில்லை என்றேன், போய்விட்டார்.

பழனி கேட்டாள்: "டீச்சர், இதுல நாங்க ஆருங்க?"

"ஆருமில்லை. பாவு."

"நூலுங்களா?"

"ஆமா."

கொஞ்சம் யோசித்தாள். "நூலுக்கு மொகத்த எப்படி வெச்சுக்கறதுங்க?"

ரூலை எடுத்து மறுபடி தட்ட ஆரம்பித்தேன்.

மாசி 10, திங்கள்

தையலே வேண்டாம் என்று முடிவு. கிழிந்ததை ஒதுக்கிவிட்டு மீதித் துணியையும் புதிதாக வாங்கினதையும் நீளமாக அப்படியே. ஆளுக்கு ஒன்று, கிழிந்தால் மாற்ற ஏழாவதாக ஒன்று.

கட்டு கண்டுபிடித்தேன். இரண்டு மணி நேரம், என் மேலேயே கட்டிக் கட்டி. இடப்பக்கம் இரட்டை மடிப்பு, மடிப்பை உள்பக்கமாகத் திருப்பு, இடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து பின்னால் ஒரு செருகு. அந்தச் செருகுதான் உயிர். சரியாக இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் துணி பூவாக விரியும், அவிழாது. தப்பினால் மூன்றாவது சுற்றில் மானம் போகும்.

ஆறு பேருக்கும் நானே கட்டிவிட்டேன். மேலுக்கும் கீழுக்கும் வெள்ளை. ஜன்னல் வெளிச்சத்தில் நடந்தார்கள், குனிந்தார்கள், சுற்றினார்கள். ரூல் தட்டுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. அழுகை வந்தது, மூக்கைச் சிந்துகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பெ.டீ.: "சம்மனசுகள் மாதிரி!" அவர் கிறிஸ்தவர், தேவதூதர்களைச் சொல்கிறார்.

பழனி: "எங்கம்மா பாக்க வர்றப்ப பூ வெச்சுக்கட்டுங்களா? செவப்பு ரிப்பனாச்சும்?"

வேண்டாம், சுற்றும்போது விழும் என்றேன்.

அரிசி எடுக்க வேண்டும். வீட்டில் அண்ணிக்குத் தையல் ஊசி.

மாசி 13, வியாழன்

எப்படி எழுதுவது.

அம்மாக்கள் ஒத்திகை பார்க்க வந்தார்கள். பழனியின் அம்மா ராசிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில், பெ.டீ.க்கு ஒரு டப்பா நெய்யோடு. முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் ரூலால் தட்டினேன். கதவைத் திறந்து ஆறு பேரும் வரிசையாக வந்தார்கள்.

மூன்று அடி வைத்திருப்பார்கள். நெய் டப்பா உருண்டது.

"அய்யோ சாமி! கண்ணாலமாவாத புள்ளைங்களுக்கு ஆரு வெள்ளைச் சீலை கட்டி உட்டது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் முகத்தை அல்ல. என் சேலையை.

நானும் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது எனக்கு. பதினோரு வருஷமாகத் தினம் உடுத்துகிறேன், துவைக்கிறேன், கொடியில் போடுகிறேன். எனக்கு அது துணி. வெறும் துணி. முத்துசாமி பார்த்த பார்வை, பழனி கேட்ட ரிப்பன், எல்லாம் அந்த நிமிஷம் வரிசையாக வந்து நின்றன.

பழனியின் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "வா ஊட்டுக்கு." அந்த வெள்ளையோடே வாசல் வரைக்கும். அப்புறம் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போனார்கள்.

வராண்டாவில் யாரோ: "வயித்தெரிச்சல்டி. தனக்கில்லாதது இன்னொருத்திக்கு எதுக்குன்னு."

அப்படியா? உண்மையாகவே மறந்தேனா? ஒரு வண்ணத்துக்கும் இன்னொரு வண்ணத்துக்கும் வித்தியாசம் பிழைப்பாகப் பார்க்கிறவள் இதை மறப்பேனா? மறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதுகிறேனே தவிர, மறந்தேன் என்று எழுத வரவில்லை.

மாசி 14, வெள்ளி

பள்ளிக்கூடம் போகவில்லை. மேகமாக இருந்தது, பெய்யவில்லை.

அண்ணன்: "வேலை போதும் சரசு. ஊட்ல இரு."

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்தாள், கீரையைப் பார்த்தாள்.

பெ.டீ. சீட்டு அனுப்பினார். மற்ற ஐந்து அம்மாக்களும் ஒரே பேச்சாம்: ராசிபுரத்துப் பெண் திரும்பி வந்தால் அனுப்புவோம், இல்லாவிட்டால் இல்லை. 'துணியை என்னவாவது செய்யுங்கள். அசைவை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் அது நன்றாக இருக்கிறது.'

இது ஏன் எனக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது? பத்து நாள் முன்னால் இது இல்லை. இல்லாமல்தான் இருந்தேன். இப்போது நடக்காமல் போனால் செத்துப்போவேன் போலிருக்கிறது. அதிகம்தான். ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

மாசி 15, சனி

முத்துசாமியிடம் பழைய சிவப்புச் சாயம் ஒரு பொட்டலம். ஏழு துணிக்கும் போதும் என்றார். அவர் வீட்டுக் கொல்லையிலேயே பெரிய அண்டா.

அவர் சம்சாரம்: "நீங்க தொட வேண்டாங்க டீச்சரம்மா. புள்ளைங்க கட்டறது. நானே முக்கறேன்."

நியாயம்தான் என்று தள்ளி நின்றேன். அவள் குச்சியால் கிளறினாள். குச்சியால் கிளறினால் மடிப்புக்குள் சாயம் ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும், சொறி பிடித்த மாதிரி. சொன்னேன். கேட்கவில்லை. இரண்டாவது துணியில் திட்டு ஆரம்பித்தது.

அதற்குமேல் நிற்க முடியவில்லை. இரண்டு கையையும் விட்டேன். சுடச்சுட. திருப்பித் திருப்பி விரித்து அமுக்கினேன். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள், பிறகு தண்ணீர் ஊற்றினாள். ஒரு திட்டு இல்லை. முதலிரண்டும் சரியாகிவிட்டன.

முழங்கை வரைக்கும் சிவப்பு. புளி, உப்பு, சாம்பல், ஒன்றுக்கும் போகவில்லை. யாரும் பார்க்கக்கூடாதென்று அண்ணி கதவைச் சாத்தினாள்.

மாசி 16, ஞாயிறு

ராசிபுரம் போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை, அண்ணியிடம் சொன்னேன். பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடுகிற பஸ். ஏற்றத்தில் நின்றுவிட்டது, எல்லோரும் இறங்கினோம், ஆண்கள் தள்ளினார்கள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன். டிக்கெட் வாங்க நீட்ட வேண்டியதாயிற்று.

பின் சீட்டில்: "இந்தம்மாளுக்கு என்னத்துக்கு மருதாணி?"

பழனி வீடு கண்டுபிடித்தேன். கட்டுத்தறியில் இரண்டு எருமை. அவள் அம்மா வாசலில் நின்று, "வாங்க" என்றார். அந்த ஒரு சொல்தான். சிவப்புத் துணியை விரித்துக் காட்டினேன், மூலையில் மஞ்சள் தடவியிருந்தது (அண்ணி வேலை, நான் சொல்லவில்லை). அவர் துணியைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"ஏனுங்க, வேணும்னே செஞ்சீங்களா அன்னிக்கு?"

இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் முழுக்க அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"தெரியலீங்க" என்றேன்.

எருமை ஒன்று கனைத்தது. மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"புள்ள வருவா. ஆனா ஒன்னு. அன்னிக்கு நீங்க கட்டி உடக்கூடாதுங்க. கோடித் துணி. நாங்க பெத்தவங்க கட்டிக்கறோம். நீங்க தொடக்கூடாது."

சரி என்றேன். வேறென்ன சொல்வது. பழனி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பும்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டு என்னைத் தவிர ஒருத்திக்கும் தெரியாது. பெண்களுக்கே தெரியாது, நின்றுகொண்டிருப்பார்கள், நான் கட்டுவேன்.

மாசி 19, புதன்

ஒத்திகை, அவரவர் வீட்டுப் பழைய பாவாடைகளோடு. ஆறு பேரும் வந்தார்கள். அசைவு நன்றாக இருக்கிறது. நான்தான் ரூலை இரண்டு தடவை கீழே போட்டேன்.

கட்டு எப்படி என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். 'இடது மடிப்பை உள்பக்கம்.' யாருக்கு உள்பக்கம்? படம் போட்டேன். பொட்டலம் மடித்த மாதிரி இருக்கிறது. கிழித்தேன். அம்மாக்களுக்குப் படிப்பும் கிடையாது.

மெஷினுக்கு எண்ணெய் விட்டேன், ஒருவழியாக.

மாசி 22, சனி

மூன்று மணிக்கு விழா. காற்று, நல்ல வெயில்.

ஆறாம் வகுப்பு அறையில் ஆறு அம்மாக்கள், ஆறு பெண்கள். நான் வாசல் நிலைக்கு வெளியில். அங்கிருந்தே சொன்னேன்: இடப்பக்கம் மடிங்க, திருப்புங்க, சுத்துங்க.

"எந்தப் பக்கமுங்க?"

"உங்க இடமா, புள்ளையோட இடமா?"

"இது பொடவை மாதிரியும் இல்லை, பாவாடை மாதிரியும் இல்லையே."

பழனியின் அம்மா நாலு தடவை கட்டினார், நாலு தடவையும் பழனி ஒரு சுற்றுச் சுற்றினாள், நாலு தடவையும் அவிழ்ந்தது. பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். முதல் மணி அடித்தது. பேச்சுப் போட்டிப் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்தது நாங்கள். என் கை தன்னால் நீண்டது, மடக்கிக்கொண்டேன்.

தொடக்கூடாது. காட்டலாம்.

பெட்டியில் ஏழாவது துணி இருந்தது. எடுத்தேன். என் வெள்ளைக்கு மேலேயே வைத்தேன்.

"இதோ. இங்க பாருங்க. இப்படி."

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பிறகு காத்திருக்கவில்லை, நேரமில்லை. இரட்டை மடிப்பு. திருப்பு. சுற்று. பின்னால் செருகு. ஆறு பேரும் என்னைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள், மடிப்புக்கு மடிப்பு. "சுத்து சாமி" என்றார் பழனியின் அம்மா. சுற்றினாள். விரிந்தது. நின்றது.

இரண்டாவது மணி. ஓடினேன். மேடைப் பக்கத்தில் பெஞ்சு, ரூல். அவிழ்க்க நேரமில்லை.

தட்டினேன். ஆறு பேரும் போனார்கள்.

எப்படி இருந்தது என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரிகிறது. முகத்தை எப்படி வைத்துக்கொண்டாள் பழனி என்று தெரியவில்லை. முடிந்த பிறகு கைதட்டலே இல்லை. யாரோ, "முடிஞ்சுபோச்சுங்களா?" பெ.டீ. தட்டின பிறகு எல்லோரும் தட்டினார்கள், நிறைய நேரம். ஒரு பெரியவர்: "டிரில்னாங்க. டிரில் மாதிரி தெரியலையே."

ரூலைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பின்னால் யாரோ வந்தார்கள். பழனியின் அம்மா. என் இடுப்பைப் பார்த்தார். அவிழ்க்கச் சொல்லப் போகிறார் என்று கையைக் கொண்டுபோனேன்.

"இருங்க டீச்சரம்மா. பின்னால நழுவுது."

மடிப்பை எடுத்துத் திருப்பி, இறுக்கிச் செருகிவிட்டுப் போனார்.

சரியாகத்தான் செருகியிருக்கிறார். அம்மாபேட்டையில் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், அவிழவில்லை.