எழுபத்தொன்பதாவது கேள்வி

அன்புள்ள மார்லிஸ்,

கட்சியில் துணை அதிபர் வேட்பாளராக என்னையே நிறுத்தப்போகிறார்கள். மூன்று வாரமாக அவர்களுடைய வக்கீல்கள் என்னைக் குடைந்து எடுத்தார்கள். வரி, நோய், பழைய காதல் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். எழுபத்தொன்பதாவது கேள்வி நம் மகனின் சாவைப் பற்றியது. மான் வேட்டையில் துப்பாக்கி தவறி வெடித்தது என்று, ஊருக்குச் சொன்னதையே எழுதினேன்.

அதிபர் வேட்பாளர் அதைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "பிள்ளையப் பறிகொடுத்த அப்பன எவன்யா மேடையில திட்டுவான்? நீதான்யா என் ஆளு."

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாளை மேடையில் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும். நிருபர்கள் கேட்டால் வேட்டை என்று மட்டும் சொல்.

நம் மகன் சாகுமுன் தன் பூட்ஸுக்குள் எனக்கென்று எழுதிவைத்துப்போன கடிதத்தை நீ இதுவரை காட்டியதில்லை. எரித்துவிடு. இனி எனக்கும் காட்ட வேண்டாம்.

உன் கணவன்