எரிந்தால் நல்லது

பிப்ரவரி 4, செவ்வாய்
பித்தப்பை வலிக்கு எடுத்த ஸ்கேனில், கேட்காத ஒன்றும் வந்திருக்கிறது: சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. எனக்கு இருப்பதே ஒரு சிறுநீரகம். மற்றதை ஒன்பது வருடம் முன்பு தம்பி ஹால்வருக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 11
அறுவை மருத்துவர் தூவெசன் பூசி மெழுகுகிற ஆள் இல்லை. “புற்றா இல்லையான்னு இந்த ஸ்கேன்ல தெரியல. பெரிய ரத்தக் குழாயை ஒட்டி உக்காந்திருக்கு. வெட்டப் போனா சிறுநீரகத்தையே எடுக்க வேண்டி வரலாம்.”
அப்புறம்? வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நான் ஓட்டும் பஸ்ஸை யார் ஓட்டுவது?

பிப்ரவரி 12
ஹால்வருக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.
“அக்கா, அதைத் திருப்பி எடுத்துக்கோ.”
“ஒன்பது வருஷம் பீர்ல ஊறினதையா? போடா.”
சிரித்தான். போனை வைத்ததும் அழுதிருப்பான். நான் அழுதேனே.

பிப்ரவரி 20
உப்சாலா நகரத்து ஆஸ்பத்திரியில் வேறு வகை ஸ்கேன். லேசான கதிரியக்க மருந்தைக் கையில் ஏற்றினார்கள். ஒருவகைச் சாதுவான கட்டி அதைக் குடித்துப் படத்தில் பளிச்சென்று எரியுமாம். புற்று பெரும்பாலும் இருட்டாகவே கிடக்குமாம்.
“அப்போ எரிஞ்சா நல்லதா?”
“எரிஞ்சா நல்லது,” என்றாள் நர்ஸ்.
இருபத்தாறு வருடமாக ஸ்டியரிங் முன்னால் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பஸ்ஸை ஓரங்கட்டிப் பழகியவளிடம் சொல்கிற பேச்சா இது!

பிப்ரவரி 23
இருட்டாக இருந்தால் — வேண்டாம், எழுத மாட்டேன்.

பிப்ரவரி 27
எரிகிறது! ஆரஞ்சுப் பழம் மாதிரி எரிகிறது!
தூவெசன் திரையை என் பக்கம் திருப்பினார். “நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். என் யோசனை, கத்தி வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாப்போம். மனசு ஆறலைன்னா எடுத்துடலாம். முடிவு உங்களோடது.”
“இருந்துட்டுப் போகட்டும்,” என்றேன்.
கீழே கடையில் எனக்கும் கூட வந்திருந்த ஹால்வருக்கும் இரண்டு கிரீம் பன் வாங்கினேன். என்னுடையதையும் ஹால்வரே தின்றான்.
“என்கிட்டேர்ந்து ஏற்கெனவே ஒண்ணு எடுத்தது பத்தாதாடா?”
பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்
காலையில் ஸ்கேன். அதே மூன்று சென்டிமீட்டர், ஒரு நூல்கூட வளரவில்லை.
மதியம் ஹால்வர் காட்டுக்குக் கூட்டிப்போனான். சமைத்துச் சாப்பிடும் மஞ்சள் காளான் முளைக்கும் தன் ரகசிய இடத்தை இதுவரை அவன் மனைவிக்குக்கூடக் காட்டியதில்லை. பாசியை விலக்கிக் காட்டினான். தரை முழுக்கக் காளான்.
“யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, அக்கா.”
“எத்தனை நாளைக்கு?”
“இன்னும் முப்பது வருஷத்துக்கு.”
சரி என்று சொல்லியிருக்கிறேன்.